கட்டுரையே இல்லாத சுரங்க மாத இதழ்: லீன் எஞ்சின் ரிப்போர்ட்டர், 1811–1904

சுரங்கத் தொழிலின் பழைய பத்திரிகைகள் என்றால் இரண்டு பெயர்கள் உடனே வரும். ஒன்று, 1835இல் ஹென்றி இங்கிலிஷ் லண்டனில் தொடங்கிய மைனிங் ஜர்னல். மற்றது, 1866இல் நியூயார்க்கில் வேறு பெயரில் பிறந்து இன்றும் வந்துகொண்டிருக்கும் எஞ்சினியரிங் அண்ட் மைனிங் ஜர்னல். இவை இரண்டுக்கும் முன்பே இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் ஒரு மாத இதழ் வரத் தொடங்கிவிட்டது. அதில் தலையங்கமோ செய்தியோ வாசகர் கடிதமோ கிடையாது. ஒரு பெரிய தாளில் ஓர் அட்டவணை, அவ்வளவுதான். ஒவ்வொரு சுரங்கத்திலும் நீர் இறைக்கும் நீராவி எஞ்சின் அந்த மாதம் எவ்வளவு நிலக்கரி தின்றது, எவ்வளவு வேலை செய்தது என்ற கணக்கு. 1811 முதல் 1904 வரை அது வந்தது.

அந்த அட்டவணை தொடங்கிய காலத்தில் கார்னிஷ் எஞ்சின்கள் தந்த சராசரிப் பலன், கால் நூற்றாண்டில் ஏறக்குறைய மூன்று மடங்கானது. பெரிய கண்டுபிடிப்பு ஏதோ ஒன்று வந்து இதைச் செய்துவிடவில்லை. அளந்த முறையும், அளந்ததைப் பெயர் போட்டு அச்சிட்ட முறையும் சேர்ந்து செய்தன. அந்த முறையின் ஓட்டைகளும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

அளவை ஏன் தேவைப்பட்டது

கார்ன்வாலில் தாமிரமும் ஈயமும் வெள்ளீயமும் உண்டு, நிலக்கரி இல்லை. நிலக்கரி கடல் தாண்டி தெற்கு வேல்ஸிலிருந்து கப்பலில் வரும். திரும்பும் கப்பல் தாமிரத் தாதுவை ஸ்வான்சீ உருக்காலைகளுக்கு ஏற்றிச் செல்லும். சுரங்கம் ஆழமாக ஆக, ஊறும் நீரை வெளியேற்றும் செலவு ஏறிக்கொண்டே போகும். நீர் இறைப்பு நின்றால் சில நாட்களில் அடித்தளங்கள் மூழ்கிவிடும். ஆகவே நிலக்கரி பில்தான் பல சுரங்கங்களின் ஆயுளைத் தீர்மானித்தது.

ஜேம்ஸ் வாட், நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் தனி கண்டென்சர் வைத்த எஞ்சினைக் கொண்டுவந்தபோது, போல்டன் அண்ட் வாட் நிறுவனம் விலைக்கு எஞ்சின் விற்பதைவிட வேறொரு ஏற்பாட்டை விரும்பியது. பழைய நியூகோமன் எஞ்சினோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டது. மிச்சத்தைக் கணக்கிட எஞ்சின் எத்தனை முறை அடித்தது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் எஞ்சினின் ஆடும் உத்தரத்தின் மேல் பூட்டிய பெட்டிக்குள் ஓர் எண்ணி பொருத்தினார்கள். சாவி கம்பெனி ஆளிடம். சுரங்கக்காரர்களுக்கு இந்தக் கட்டணம் கசந்தது. வழக்குகள் நடந்தன, காப்புரிமையை மீறி எஞ்சின் கட்டிய உள்ளூர்க்காரர்கள் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1800இல் காப்புரிமை முடிந்ததும் கம்பெனி கார்ன்வாலை விட்டு விலகியது.

அதோடு கண்காணிப்பும் போயிற்று. கட்டணம் வாங்க வந்தவர்கள் அளந்தார்கள், அளந்ததால் எஞ்சின்காரர்கள் கவனமாக இருந்தார்கள். அவர்கள் போனபின் பத்தாண்டுகள் யாரும் ஒழுங்காக அளக்கவில்லை. 1790களின் இறுதியில் சராசரி எந்த இடத்தில் இருந்ததோ 1811லும் கிட்டத்தட்ட அங்கேயே கிடந்தது. சில இடங்களில் இன்னும் மோசம்.

கிரென்வர் அண்ட் ஓட்ஃபீல்ட் சுரங்கத்தில் கேப்டனாக இருந்த ஜோயல் லீன், எஞ்சின்களை மாதந்தோறும் அளந்து வெளியிட 1811இல் முன்வந்தார். கேப்டன் என்றால் கார்ன்வாலில் சுரங்க மேலாளர். முதல் மாதங்களில் பத்துக்கும் குறைவான எஞ்சின்களே சேர்ந்தன. அடுத்த ஆண்டே ஜோயல் லீன் இறந்துவிட, மகன்கள் தாமஸும் ஜானும் தொடர்ந்தார்கள். 1830களில் ஐம்பது, அறுபது எஞ்சின்கள் பட்டியலில் இருந்தன. செலவைப் பதிவில் சேர்ந்த சுரங்கங்களே கொடுத்தன. இந்த இதழ் சந்தாதாரரையும் விளம்பரதாரரையும் நம்பி ஓடவில்லை, அளக்கப்படுபவனே அளக்கக் கூலி கொடுத்தான் என்பதைக் குறித்துக்கொள்ளவும். பின்னால் வரும்.

அட்டவணையில் என்ன இருந்தது

இடமிருந்து வலமாக: சுரங்கத்தின் பெயர், எஞ்சின் பெயரும் சிலிண்டர் விட்டமும், பிஸ்டனில் ஒரு சதுர அங்குலத்துக்கு விழும் சுமை, சிலிண்டரில் ஸ்ட்ரோக் (பிஸ்டனின் ஓர் ஓட்டம்) நீளம், பம்ப் அடுக்குகளின் எண்ணிக்கை, ஒவ்வோர் அடுக்கும் எத்தனை ஃபாதம் உயரம் (ஒரு ஃபாதம் 6 அடி), பம்பின் விட்டம், அளவெடுத்த காலம், எரித்த நிலக்கரி புஷல் என்ற கொள்ளளவில், ஸ்ட்ரோக் எண்ணிக்கை, பம்பில் ஸ்ட்ரோக் நீளம், மொத்தச் சுமை பவுண்டில், ஒரு புஷல் நிலக்கரிக்கு ஓர் அடி உயர்த்திய பவுண்டு, நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக், கடைசியில் குறிப்புகளும் எஞ்சினியர் பெயரும்.

கடைசிக்கு இரண்டு பத்தி (நெடுவரிசை) முன்னால் வரும் அந்த எண்ணைத்தான் டியூட்டி என்றார்கள். வண்டிக்கு மைலேஜ் பார்ப்பது போல, எஞ்சினுக்கு டியூட்டி. ஒரு புஷல் என்பது லீன் கணக்கில் 94 பவுண்டு. நல்ல வேல்ஸ் நிலக்கரி 94 பவுண்டில் அடங்கிய வெப்பத்தை வேலையாக மாற்றிச் சொன்னால் சுமார் 100 கோடி அடி-பவுண்டு வரும். நமக்கு இது வசதி: டியூட்டியைக் கோடியில் சொன்னால் அந்த எண்ணே கிட்டத்தட்ட வெப்பத் திறனின் சதவீதம். 1 கோடியே 70 லட்சம் டியூட்டி என்றால் நிலக்கரியின் ஆற்றலில் 1.7 சதவீதம்தான் நீரை உயர்த்தியது, மீதி புகைபோக்கியிலும் கண்டென்சர் தொட்டியிலும் போயிற்று.

அளந்தவர் செய்த வேலையை ஓர் உதாரணக் கணக்கில் பார்க்கலாம். 12 அங்குல விட்டமுள்ள பம்ப், மொத்தம் 100 ஃபாதம் உயரம். பம்பின் குறுக்குப் பரப்பு 0.7854 சதுர அடி. 600 அடி உயர நீர்த்தூண், கன அடிக்கு 62.5 பவுண்டு வீதம், 29,450 பவுண்டுக்குச் சற்றுக் கூட. பம்ப் ஸ்ட்ரோக் 8 அடி என்றால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 2,35,600 அடி-பவுண்டு வேலை. நிமிடத்துக்கு 6 ஸ்ட்ரோக் வீதம் 30 நாள் இடைவிடாமல் ஓடினால் எண்ணியில் 2,59,200 ஏறும். பெருக்கினால் சுமார் 6,107 கோடி அடி-பவுண்டு. அந்த மாதம் 1,200 புஷல் எரிந்திருந்தால் டியூட்டி 5 கோடியே 9 லட்சம். இதே வேலையை 1 கோடியே 70 லட்சம் டியூட்டி உள்ள எஞ்சின் செய்திருந்தால் 3,590 புஷல் தேவை. முதலாவது 50 டன், இரண்டாவது 150 டன். மாதம் 100 டன் நிலக்கரி, அதுவும் கப்பலில் வந்து குதிரைச் சுமையில் மேட்டுக்கு ஏறுவது, மிச்சமாகிறது.

சுமைப் பத்திக்கும் ஒரு பயன் உண்டு. மேற்சொன்ன வேலையை 60 அங்குலச் சிலிண்டரில், 10 அடி ஸ்ட்ரோக்கில் செய்தால் பிஸ்டனில் சதுர அங்குலத்துக்கு 8.3 பவுண்டு சுமை. இந்த எண் சிறியதாக இருந்தால் எஞ்சினுக்கு இன்னும் இடம் இருக்கிறது, நீராவியைச் சீக்கிரம் அடைத்து விரிய விடலாம். பெரியதாக இருந்தால் எஞ்சின் திணறுகிறது, டியூட்டி குறைந்ததற்கு எஞ்சினியரைக் குறை சொல்வதில் பொருளில்லை. விஷயம் தெரிந்தவர்கள் டியூட்டியை மட்டும் பார்க்காமல் இந்த இரண்டு பத்தியையும் சேர்த்துப் படித்தார்கள்.

அட்டவணைக்குப் பின்னால் ஓடிய எஞ்சின்

கார்னிஷ் எஞ்சின் நேரடியாக நீரை இறைப்பதில்லை. இது புரியாமல் அட்டவணையும் புரியாது. நீராவி பிஸ்டனுக்கு மேல் வரும். கீழே கண்டென்சரின் வெற்றிடம். பிஸ்டன் இறங்க, உத்தரத்தின் மறுமுனை உயர்ந்து, சுரங்கத்தின் இறங்குகுழியான ஷாஃப்டுக்குள் தொங்கும் நெடிய மரத் தடியைத் தூக்கும். பிறகு சமநிலை வால்வ் திறந்து மேலிருந்த நீராவி பிஸ்டனுக்கு அடியில் போகும். இரு பக்கமும் அழுத்தம் சமமாக, தடி தன் எடையாலேயே கீழே இறங்கி, பம்பின் உந்துதண்டான பிளஞ்சரை அமுக்கி நீரை மேலே தள்ளும். எஞ்சின் தூக்குவது தடியை, நீரைத் தூக்குவது தடி.

ஷாஃப்டில் பம்ப் ஒன்றல்ல, அடுக்கடுக்காக இருக்கும். அடியில் ஒரு பக்கெட் பம்ப் நீரை உறிஞ்சி முதல் தொட்டிக்கு ஏற்றும். அதன்மேல் ஒவ்வொரு பிளஞ்சர் பம்பும் ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு. எல்லாம் ஒரே தடியில் பூட்டியவை. ஆழம் கூடக் கூடத் தடி நீரைவிட அதிக எடை ஆகிவிடும். அப்போது ஷாஃப்ட் ஓரத்தில் மறுமுனையில் கல்லும் இரும்பும் நிரப்பிய பெட்டி வைத்த துணை உத்தரங்களைக் கட்டி எடையைச் சமன் செய்தார்கள். ஒவ்வொரு துணை உத்தரமும் கூடுதல் உராய்வு. அட்டவணையில் அதற்குப் பத்தி இல்லை.

டியூட்டி உயர்ந்த வழிகள் தனித்தனியாகச் சிறியவை. டால்கோத் சுரங்கத்தில் ரிச்சர்ட் ட்ரெவிதிக், உள்ளே ஒரு நெருப்புக் குழாய் ஓடும் நீள் உருளை பாய்லரை வைத்தார். பழைய பெட்டி வடிவப் பாய்லரைவிட அது அழுத்தம் தாங்கியது, நிலக்கரியும் குறைந்தது. 1812இல் வீல் ப்ராஸ்பர் சுரங்கத்தில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அளவிலான அழுத்தத்தில் நீராவி விட்டு, ஸ்ட்ரோக்கின் ஆரம்பத்திலேயே அதை அடைத்து, மீதியை விரிவில் ஓட்டினார். அதுதான் கார்னிஷ் எஞ்சினின் மூல உரு. ட்ரெவிதிக் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை.

எதிர்ப்பக்கம் ஆர்தர் வூல்ஃப். இவர் இரண்டு சிலிண்டரில் நீராவியை விரிய விடும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்தார். வீல் ஏபிரகாம் சுரங்கத்தில் அவர் நிறுத்திய எஞ்சின் 1816இல் 5 கோடியே 60 லட்சத்தைத் தாண்டியது, அந்நாளில் யாரும் எட்டாத எண். ஆனால் மாதங்கள் ஓட ஓட எண் சரிந்ததையும் அதே அட்டவணை காட்டியது. அவருடைய வார்ப்பிரும்புக் குழாய் பாய்லரில் இணைப்புகள் ஒழுகின, பாகங்கள் அதிகம், பராமரிப்பு கடினம். கம்பெனி விளம்பரத்தில் இந்தச் சரிவு வந்திருக்காது. 1820களின் நடுவில் வீல் ஆல்ஃப்ரட் சுரங்கத்தில் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினும் ஒரே இடத்தில் ஓடியபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு கார்ன்வால் ஒற்றைச் சிலிண்டர் பக்கமே போயிற்று. வாதம் முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. அட்டவணையில் இரட்டைச் சிலிண்டர்கள் குறைந்துபோயின.

சாமுவேல் குரோஸ் செய்தது இன்னும் எளிது. பாய்லர், சிலிண்டர், நீராவிக் குழாய் எல்லாவற்றையும் வெப்பம் கசியாமல் கனமாகப் போர்த்தினார். மரத்தூளும் சாம்பலும்தான் பொருள். வீல் ஹோப் சுரங்கத்தில் தொடங்கி, பிறகு வீல் டோவனில் 80 அங்குல எஞ்சினில் இதையே செய்தார். 1828இல் அந்த எஞ்சின் 8 கோடியே 70 லட்சம் காட்டியது. கார்ன்வாலுக்கு வெளியே இருந்தவர்கள் நம்பவில்லை, உள்ளேயே பலர் நம்பவில்லை. சாட்சிகளை வைத்து மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. போர்த்தும் முறைக்குப் பெரிய ரகசியம் கிடையாது. பெயரோடு எண் வந்த சில ஆண்டுகளில் மாவட்டம் முழுக்க எஞ்சின் வீடுகளில் குழாய்களைப் போர்த்திவிட்டார்கள்.

1835இல் ஃபோவி கான்சல்ஸ் சுரங்கத்தில் வில்லியம் வெஸ்ட் அமைத்த 80 அங்குல எஞ்சின், 24 மணிநேர சோதனையில் 12 கோடியே 50 லட்சத்தை எட்டியது. கார்னிஷ் எஞ்சினைப் பற்றி எங்கே படித்தாலும் இந்த எண்தான் முன்னால் வரும். அது ஒரு நாள் சோதனை. நல்ல நிலக்கரி, சுத்தம் செய்த பாய்லர், ஆட்கள் முழுக் கவனத்தோடு. மாதக் கணக்கில் அந்த எஞ்சினும் இதைவிடக் கீழேதான் ஓடியது. எஞ்சினின் தகுதியைச் சொல்வது மாத எண், சோதனை எண் பந்தய எண் மட்டுமே.

போட்டியாளனுக்கு ஏன் கணக்கைக் காட்டினார்கள்

வேறு தொழிலில் ஆலை முதலாளி தன் எரிபொருள் கணக்கை மாதாமாதம் அச்சிட்டு அடுத்த ஆலைக்குக் கொடுப்பானா? கார்ன்வாலில் கொடுத்ததற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல.

தாமிரத் தாதுவின் விலையை நிர்ணயித்தவர்கள் ஸ்வான்சீ உருக்காலைக்காரர்கள். பக்கத்துச் சுரங்கம் மலிவாக நீர் இறைத்தால் உங்கள் தாதுவின் விலை குறைந்துவிடாது. இது முதல் காரணம். இரண்டாவது, நிலத்தடியில் எல்லை கிடையாது. பக்கத்துச் சுரங்கம் மூழ்கினால் அந்த நீர் உங்கள் ஷாஃப்டுக்கு வரும். அவன் நன்றாக இறைத்தால் உங்களுக்கே பளு குறைவு. மூன்றாவது, முதலீட்டாளர்கள் ஒரே ஆட்கள். ஒருவர் பத்து சுரங்கங்களில் பங்கு வைத்திருப்பார். ஒரு சுரங்கத்தில் கண்டது இன்னொன்றுக்குப் போவது அவருக்கு லாபம். நான்காவது, எஞ்சினியர்கள் யாரிடமும் மாதச் சம்பளத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. பல சுரங்கங்களுக்கு ஒரே நேரத்தில் ஆலோசகர்கள். கடைசிப் பத்தியில் வந்த பெயர்தான் அவர்களுடைய விளம்பரம், அடுத்த வேலை அதைப் பார்த்துத்தான் வரும்.

வாட் காலத்து வழக்குகளின் கசப்பும் இதில் சேர்ந்தது. காப்புரிமைக் கட்டணம் கேட்ட வூல்ஃபை விட்டுவிட்டுக் கேட்காத ட்ரெவிதிக்கின் வழியில் போனதில் அந்தக் கசப்புக்கும் பங்கு உண்டு என்பது எங்கள் கணிப்பு. நூறு சின்னத் திருத்தங்கள் சேர்ந்துதான் டியூட்டி ஏறியது, அவற்றில் பெரும்பாலானவற்றைக் காப்புரிமை அலுவலகம் வரை யாரும் கொண்டுபோகவில்லை.

எங்கெல்லாம் பொய் நுழைந்தது

எண்ணிக்குப் பூட்டு இருந்தது, சாவி லீன் குடும்பத்திடம். மாதம் ஒரு முறை வந்து திறந்து, போன மாத எண்ணைக் கழித்துக்கொள்வார்கள். நிலக்கரிக்குப் பூட்டு இல்லை. அது சுரங்கத்தின் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. மொத்தக் கணக்கிலும் பலவீனமான கண்ணி இதுதான். புஷல் என்பது அடிப்படையில் கொள்ளளவு. அதை 94 பவுண்டு என்று எடுத்துக்கொள்வது நிலக்கரி ஈரமா காய்ந்ததா, கட்டியா தூளா என்பதைப் பொறுத்து முன்பின் ஆகும். பாய்லர் அறையில் அள்ளிப் போடும்போது யாரும் தராசு வைப்பதில்லை. வேல்ஸ் நிலக்கரியிலேயே தரம் பல. நல்ல சரக்கு வந்த மாதம் எஞ்சினியர் கெட்டிக்காரர் ஆகிவிடுவார்.

அடுத்தது எண்ணி. உத்தரம் ஒருமுறை ஆடினால் அது ஒன்று கூட்டும். முழு ஸ்ட்ரோக்கா, முக்கால் ஸ்ட்ரோக்கா என்று அதற்குத் தெரியாது. பிஸ்டன் முழுதும் இறங்காமல் குறுக்கி ஓட்டினாலும் அட்டவணையில் முழு நீளமே பெருக்கப்படும். 8 அடிக்குப் பதில் 7 அடி 6 அங்குலம் ஓடினால் டியூட்டி 6 சதவீதத்துக்கு மேல் மிகையாகும்.

மூன்றாவது பெரிய ஓட்டை, நீரையே யாரும் அளக்கவில்லை என்பது. பம்பின் கொள்ளளவைப் பெருக்கினார்கள், மேலே வந்து விழுந்த நீரை அல்ல. பக்கெட் தோல் தேய்ந்தாலோ, வால்வில் மரச்சில்லு மாட்டினாலோ, ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் கொஞ்சம் நீர் கீழே நழுவும். இன்னொரு நிலை: ஷாஃப்டின் அடியில் நீர் வற்றி, பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அப்போது எஞ்சினுக்குச் சுமை குறைவு, நிலக்கரி குறைவு, ஆனால் கணக்கில் முழுத் தூண் நீர். கோடையில் இப்படி ஓடிய எஞ்சினின் டியூட்டி அழகாக இருக்கும். அனுபவமுள்ள கேப்டன் அப்படிப்பட்ட மாதத்தில் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, பம்ப் காற்று வாங்காமல் ஓட்டுவார். குறைக்காதவருடைய எண்தான் அட்டவணையில் மேலே நிற்கும்.

இந்தச் சந்தேகங்களுக்குக் கார்ன்வாலுக்கு வெளியிலிருந்து ஒரு நல்ல பதில் வந்தது. கிழக்கு லண்டன் குடிநீர்க் கம்பெனியின் எஞ்சினியர் தாமஸ் விக்ஸ்டீட், கார்ன்வால் சுரங்கம் ஒன்றில் இருந்த எஞ்சினை வாங்கி 1830களின் இறுதியில் ஓல்ட் ஃபோர்டில் நிறுத்தினார். அது குடிநீர் நிலையம். ஷாஃப்டும் வளைந்த தடியும் இல்லை, நீரையும் நிலக்கரியையும் கவனமாக அளக்க முடிந்தது. ஒன்பது கோடியை ஒட்டிய டியூட்டி கிடைத்தது. லீன் அட்டவணையின் எண்கள் தோராயமானவை, ஆனால் கட்டுக்கதை அல்ல என்பது அதோடு நிலைபெற்றது. அதற்குப் பிறகு குடிநீர் நிலையங்கள் கார்னிஷ் எஞ்சின்களை வரிசையாக வாங்கின. ஹாலந்தில் ஹார்லெம் ஏரியை வற்றச் செய்யப் போன மூன்று எஞ்சின்களும் இதே வம்சம். அவற்றில் குருகியஸ் எஞ்சினின் 144 அங்குல வெளிச் சிலிண்டரை கார்ன்வாலின் ஹேல் ஊரில் ஹார்வி பட்டறை வார்த்தது.

தனி எஞ்சினின் எண்ணைவிட சராசரியை அதிகம் சந்தேகிக்க வேண்டும். காசு கொடுத்தவர்களின் எஞ்சின்கள்தான் பட்டியலில் வந்தன என்று முன்பே சொன்னோம். மோசமான எஞ்சின் வைத்திருப்பவர் மாதாமாதம் அவமானப்படக் காசு கொடுக்க மாட்டார். ஆக, 1830 வாக்கில் நான்கு கோடியை ஒட்டியும், 1840களின் நடுவில் ஆறு கோடிக்கு மேலும் வரும் சராசரி, கார்ன்வால் முழுவதின் சராசரி அல்ல. பட்டியலில் இருந்தவர்களின் சராசரி.

இறக்கம்

1840களின் நடுவுக்குப் பிறகு சராசரி மெல்லக் கீழே வந்தது. எஞ்சினியர்கள் திறமை இழந்தார்கள் என்று அன்றைய பலர் எழுதினார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போயின. தாதுப் படிமம் சாய்ந்த பக்கம் ஷாஃப்டும் சாய்ந்தது. செங்குத்துத் தடிக்குப் பதில் வளைவில் உருளைகள் மேல் உராய்ந்து போகும் தடி. ஆழமான சுரங்கத்தில் நீர் கூடுதல், ஆகவே எஞ்சினை வேகமாக ஓட்ட வேண்டும். சிறந்த டியூட்டி நிதானமாக ஓடும் எஞ்சினுக்கே கிடைக்கும்.

இன்னொரு காரணம் எஞ்சினுக்குள்ளேயே இருந்தது. நீராவியை மிகச் சீக்கிரம் அடைத்தால், ஸ்ட்ரோக்கின் தொடக்கத்தில் பெரிய அதிர்ச்சி, இறுதியில் தளர்ச்சி. அந்த உதை உத்தரத்திலும் தடியின் இணைப்புகளிலும் விழும். வார்ப்பிரும்பு உத்தரம் பிளந்தால் அல்லது ஷாஃப்டுக்குள் தடி முறிந்தால் வாரக்கணக்கில் இறைப்பு நிற்கும். மிச்சம் பிடித்த நிலக்கரிக்கும் மேலே செலவாகிவிடும். 1850களில் விவரமான சுரங்க நிர்வாகங்கள் வேண்டுமென்றே சற்றுத் தாமதமாக நீராவியை அடைத்தன. டியூட்டி குறையும், முறிவு குறையும். பராமரிப்புச் செலவும் நின்ற நாட்களும் அட்டவணையில் இல்லாததால், சரியான முடிவு எடுத்த சுரங்கம் அதில் மோசமாகத் தெரிந்தது. அப்படித் தெரிய விரும்பாதவர்கள் பதிவிலிருந்து விலகினார்கள். பட்டியல் சுருங்கியது.

லீன் சகோதரர்கள் ஒரு கட்டத்தில் பிரிந்து தனித்தனியே பதிவு வெளியிட்டார்கள். 1847இல் வில்லியம் பிரவுன் என்பவர் போட்டி ரிப்போர்ட்டர் ஒன்றைத் தொடங்கி சுமார் பத்தாண்டு நடத்தினார். இரண்டு அட்டவணையில் பாதிப் பாதி எஞ்சின்கள் வந்தபோது ஒப்பீட்டின் பயனே கெட்டது. 1866இல் தாமிர விலை விழுந்து சுரங்கங்கள் மூடத் தொடங்கின. கார்னிஷ் தொழிலாளர்கள் ஆஸ்திரேலியா, மிச்சிகன், மெக்சிகோ என்று கப்பலேறினார்கள்.

ஒரு கிளைக் கதை நம் பக்கம் வருகிறது. ரிப்போர்ட்டரின் ஆதரவாளர்களில் ஒருவர் ஜான் டெய்லர். க்வென்னாப் பகுதியின் கான்சாலிடேட்டட் சுரங்கங்களை நடத்தியவர். அவர் வழிவந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம்தான் 1880 முதல் கோலார் தங்க வயலை நிர்வகித்தது. வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் கார்னிஷ் கேப்டன்களின் கீழ் இறங்கிய வயல் அது. கோலாரின் மாதக் கணக்குகள், அதாவது அரைத்த டன், எடுத்த அவுன்ஸ், லண்டன் பத்திரிகைகளில் தவறாமல் வந்தன. நீர் இறைப்பிலும் அரைப்பிலும் நீராவிக்கு அங்கே ஆயுள் குறைவு. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி வழியே மின்சாரம் வந்துவிட்டது.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1904இல், லீன் அட்டவணை நின்றது. அப்போது பட்டியலில் மிஞ்சியவை சில எஞ்சின்களே.

இந்த எண்களை இன்று எடுத்துப் பயன்படுத்துவோர் முதலில் பார்க்க வேண்டியது புஷல். வாட் காலத்து எண்கள் பெரும்பாலும் 84 பவுண்டு புஷலில் இருக்கும். லீன் அளவுக்குக் கொண்டுவர 1.12ஆல் பெருக்க வேண்டும். 1850களின் நடுவிலிருந்து புஷலை விட்டு 112 பவுண்டு கொண்ட அந்தர் (ஹண்ட்ரட்வெயிட்) என்ற எடைக்கு மாறினார்கள். அந்த எண்களை 1.19ஆல் வகுக்காமல் வரைபடம் போட்டால், இறங்கிக்கொண்டிருந்த டியூட்டி திடீரென்று ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது போலத் தெரியும். அடுத்து அளவெடுத்த காலப் பத்தி: எல்லா வரிகளும் முழு மாதம் அல்ல, பழுதாகி நின்ற எஞ்சினுக்குப் பத்து, பன்னிரண்டு நாள் கணக்கு மட்டும் வந்திருக்கும். அத்தகைய வரிகளைச் சராசரியில் சேர்க்காமல் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஒரே எஞ்சினை ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து பின்பற்றினால், பாய்லர் மாற்றிய மாதமும் பம்ப் ஆழப்படுத்திய மாதமும் எண்களிலேயே பிடிபடும்.